‘யாரிடமிருந்து’ என்ற கட்டம்

2003 மே 14 அன்று, சார்ஸ் என்ற மூச்சுநோய் பரவும் ஊர்களின் பட்டியலிலிருந்து டொராண்டோவை உலக சுகாதார நிறுவனம் எடுத்துவிட்டது. கடைசியாகக் கண்டறியப்பட்ட நோயாளியைத் தனிமைப்படுத்தி 20 நாள் கடந்திருந்தது. சார்ஸ் கிருமி உடம்புக்குள் புகுந்த பிறகு காய்ச்சலாக வெளியே தெரிய அதிகபட்சம் 10 நாள் ஆகும். அதைப்போல இரண்டு மடங்கு காத்திருந்தாயிற்று, புதிய நோயாளி யாரும் இல்லை. கணக்கில் பிழை கிடையாது. மே 17 அன்று ஒண்டாரியோ மாகாண அரசும் அவசரநிலையை விலக்கிக்கொண்டது.

அதே நாட்களில் நகரின் வடபகுதியில் இருக்கும் நார்த் யார்க் ஜெனரல் மருத்துவமனையில், நான்காம் மாடி மேற்கு வார்டில், சார்ஸ் கட்டில் கட்டிலாகப் பரவிக்கொண்டிருந்தது. அது எலும்பு முறிவுக்காரர்கள் படுத்திருக்கும் வார்டு. இடுப்பெலும்பு முறிந்து மார்ச் 22 அன்று அந்த மருத்துவமனையில் சேர்ந்த 96 வயதுப் பெரியவர் ஒருவர் மே 1 அன்றே இறந்துவிட்டிருந்தார். நடுவில் அவருக்கு நிமோனியா கண்டது, ஆன்டிபயாடிக் கொடுத்ததும் தணிந்தது போலத் தெரிந்தது, பிறகு காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகத் திரும்பி வந்தது. 96 வயதில், எலும்பு உடைந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு நிமோனியா வந்தால் யார் வியப்பார்கள்? சார்ஸ் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.

மூச்சு வழியாகப் பரவும் ஒரு புதிய வைரஸ் ஒரு பெருநகரத்துக்குள் நுழைந்தால் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டிய முதல் பொறுப்பு அந்த நகரத்தின் சுகாதாரத் துறைக்கு. துரத்தும் வேலையில் டொராண்டோ சோம்பல் காட்டவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேடினார்கள். தேடிய முறையிலேயே ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை இன்றும் பல ஊர்களில் அடைபடவில்லை என்பதால்தான் 20 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கதையை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று, தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து வந்த மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில், ஒன்பதாம் தளத்தில், 911ஆம் எண் அறையில் தங்கினார். அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. அந்தத் தளத்தில் தங்கியவர்கள், வந்துபோனவர்கள் மூலமாக ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் நோய் விமானம் ஏறியது. டொராண்டோவிலிருந்து போயிருந்த 78 வயது அம்மா ஒருவரும் அந்த ஹோட்டலில் தங்கியிருந்தார். பிப்ரவரி 23 அன்று ஊர் திரும்பினார். மார்ச் 5 அன்று வீட்டிலேயே இறந்தார். மாரடைப்பு என்று எழுதி முடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனைக்கு வந்தார். பேர்ச்மவுண்ட் சாலையும் ஃபின்ச் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது அது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியிருக்கும் வட்டாரம். அன்று அவசரப் பிரிவில் கூட்டம். வார்டில் படுக்கை காலியாகவில்லை. எனவே ராத்திரி முழுக்க அவரை அவசரப் பிரிவின் பொதுக் கண்காணிப்புப் பகுதியிலேயே வைத்திருந்தார்கள். மூச்சு எளிதாக வர நெபுலைசர் வைத்தார்கள். மருந்தை மெல்லிய புகைபோல மூக்குக்குள் செலுத்தும் கருவி அது. நோயாளி உள்ளே இழுத்ததை வெளியே விடும்போது அவர் நுரையீரலில் உள்ளதும் சேர்ந்து வெளியே வரும். பக்கத்துக் கட்டிலில் இதயத் துடிப்பு தாறுமாறாகி வந்த 76 வயதுக்காரர் ஒருவர். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு திரைத்துணி தொங்கியது. சற்றுத் தள்ளி வேறொரு முதியவர். இருவருக்கும் தொற்றிவிட்டது.

அன்றைய சூழலில் மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மகனுக்குக் காசநோயாக இருக்குமோ என்று சந்தேகித்து மறுநாள் தனிமைப்படுத்தவும் செய்தார்கள். அவர் மார்ச் 13 அன்று இறந்தார். உலக சுகாதார நிறுவனம் இந்தப் புது நோயைப் பற்றி உலகத்துக்கு எச்சரிக்கை விட்டது அதற்கு முந்தைய நாள்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மகன் ஸ்கார்பரோ மருத்துவமனைக்குள் நுழைந்த அதே மார்ச் 7 அன்று, நாட்டின் மறுகோடியில் உள்ள வான்கூவர் பொது மருத்துவமனைக்கும் ஒருவர் வந்தார். அவரும் ஹாங்காங்கில் அதே மெட்ரோபோலில் தங்கியவர், அதே காய்ச்சல், அதே மூச்சுத்திணறல். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நோய்க்கட்டுப்பாட்டு மையம், ஆசியாவிலிருந்து திரும்பியவர்களுக்குக் கடுமையான சளிக்காய்ச்சல் வந்தால் கவனியுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது. வந்தவரைத் தாமதமில்லாமல் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள், பக்கத்தில் போனவர்கள் என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். அவரிடமிருந்து நோய் வேறு எவருக்கும் தாவவில்லை. டொராண்டோவில் அந்த ஓர் அவசரப் பிரிவிலிருந்து கிளைத்த நோயாளிகள் 128 பேர். அவர்களில் 17 பேர் இறந்தார்கள்.

கிளைத்த விதம் இது. பக்கத்துக் கட்டில்காரர் குணமாகி வீட்டுக்குப் போனார். மார்ச் 16 அன்று காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். ஆம்புலன்ஸ் ஊழியர்கள், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர், அவசரப் பிரிவின் நர்ஸுகள், கூடத்தில் காத்திருந்த பார்வையாளர்கள் என்று அவரிடமிருந்தும் அவர் மனைவியிடமிருந்தும் நோய் வாங்கியவர்கள் பலர். இன்னொரு முதியவர் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். நோயும் கூடவே போனது. மார்ச் 23 அன்று ஸ்கார்பரோ கிரேஸ் அவசரப் பிரிவை மூடினார்கள். மார்ச் 16க்குப் பிறகு அந்த மருத்துவமனைக்குள் கால் வைத்த எல்லாரும் 10 நாள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று அறிவித்தார்கள். மார்ச் 26 அன்று அவசரநிலை வந்தது.

இனி டொராண்டோ பொதுச் சுகாதாரத் துறை என்ன செய்தது என்று பார்க்கலாம். நோய்ப்பரவலைப் புலனாய்வது என்றால் நம் கண்ணுக்கு ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும்தான் தெரிகிறது. உண்மையில் அது பெரும்பாலும் தொலைபேசி வேலை. கையில் ஒரு படிவம், மறுமுனையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவர். முதலில் காய்ச்சல் வந்தது எந்தத் தேதி? காலையிலா, ராத்திரியிலா? அதற்கு முந்தைய 10 நாளில் எங்கெங்கே போனீர்கள்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கா, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்? உங்களை யார் காரில் கூட்டிப்போனார்கள்? துக்க வீட்டுக்குப் போனீர்களா? உடம்பு சரியில்லாத சொந்தக்காரர் யாரையாவது பார்த்தீர்களா? “ஞாபகம் இல்லையே” என்று பதில் வரும். அப்போது நாள்காட்டியை எடுக்கச் சொல்ல வேண்டும், கடை ரசீதைத் தேடச் சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கிய நாளா, பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையா என்று நினைவைத் தட்டிக்கொடுத்துத் தேதி தேதியாக வெளியே எடுக்க வேண்டும். சிலர் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டுப் பேச முடியாமல் கிடப்பார்கள். அவர்களுக்காக வீட்டார் பேச வேண்டும், வீட்டாரும் அதே நோயில் படுத்திருப்பார்கள்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் ஒரு பட்டியலில் ஏறும். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. வயது, காய்ச்சல் கண்ட தேதி, எக்ஸ்ரே, எந்த மருத்துவமனை, யாரையெல்லாம் சந்தித்தார், யாரிடமிருந்து தொற்றியது. கடைசியில் வரும் அந்தக் கட்டம்தான் முழுப் புலனாய்வின் முதுகெலும்பு. அது நிரம்பினால் சங்கிலியின் ஒரு கண்ணி சேர்கிறது. சங்கிலி தெரிந்தால் அடுத்த கண்ணியை உடைக்கலாம்.

டொராண்டோ இந்த வேலையை எந்த அளவுக்குச் செய்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2,132 சந்தேக நோயாளிகளை விசாரித்தார்கள். 23,103 பேரை நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று அடையாளம் கண்டு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பொதுமக்களுக்காகத் திறந்த தொலைபேசி எண்ணுக்கு 3,16,615 அழைப்புகள் வந்தன. வீட்டில் இருக்க மறுத்துச் சட்டப்படி எழுத்தில் உத்தரவு போட வேண்டி வந்தது வெறும் 27 பேருக்குத்தான். மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். அதில் நகரின் சுகாதார அதிகாரி டாக்டர் ஷீலா பஸ்ரூருக்குப் பங்கு உண்டு. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தினமும் தொலைக்காட்சியில் வந்து, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் பதறாமல் சொல்லிவிட்டுப் போனார். அதிகாரிகளிடம் அதிகம் காணக் கிடைக்காத குணம்.

ஆனால் அந்த அலுவலகத்தின் கையிருப்பைப் பார்த்தால் தலைசுற்றும். தொற்றுநோய்களைப் பதிய மாகாண அரசு கொடுத்திருந்தது டாஸ் காலத்து மென்பொருள். அதில் சார்ஸ் என்ற புதுநோயைப் பதியவோ, நோயாளியையும் அவர் சந்தித்தவர்களையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவோ வழியில்லை. எனவே காகிதக் கோப்புகளிலும் வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகளிலும் வேலை நடந்தது. வட அமெரிக்காவின் பணக்கார நகரங்களில் ஒன்று, புது வைரஸின் வம்சாவளியைச் சுவரில் சீட்டு ஒட்டித் தொடர்ந்தது. இது ஒரே நாளில் வந்த வறுமை இல்லை. 1998இல் ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கி இன்றைய டொராண்டோ உருவானபோது ஆறு சுகாதாரத் துறைகளும் ஒன்றாகின. அதே ஆண்டில் மாகாணம் பொதுச் சுகாதாரச் செலவு முழுவதையும் நகராட்சிகள் தலையில் கட்டியது, அடுத்த ஆண்டில் பாதியைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. 2001இல் மாகாணப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தின் நுண்ணுயிர் விஞ்ஞானிகள் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் இல்லாத காலத்தில் இதெல்லாம் வீண்செலவாகத்தான் தெரியும்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

சார்ஸுக்கு ஆரம்பத்தில் நம்பகமான பரிசோதனை கிடையாது. அதன் மரபணு வரிசையையே ஏப்ரல் நடுவில்தான் வான்கூவர் ஆய்வுக்கூடம் படித்து முடித்தது. காய்ச்சல், வறட்டு இருமல், எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் எந்த நிமோனியாவிலும் இருப்பவை. ஒரு பெருநகரத்தின் மருத்துவமனைகளில் எந்த நாளிலும் நிமோனியாக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் சார்ஸ்காரர் யார்? பிரித்துச் சொல்ல இருந்த ஒரே உரைகல் தொடர்பு: நோய் பரவும் ஊருக்குப் போய்வந்தாரா, அல்லது தெரிந்த சார்ஸ் நோயாளியின் பக்கத்தில் இருந்தாரா? இரண்டுமில்லை என்றால் அவர் சார்ஸ் நோயாளி இல்லை. வரையறை அப்படித்தான் சொன்னது.

வேறு வழியில்லாத நேரத்தில் இது நியாயமான வரையறைதான். சங்கிலி முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்வரை அது வேலை செய்யும். ஒரு கண்ணி தவறிப்போனால் அதற்கு அப்பால் தொற்றுகிற எல்லாருக்கும் ‘யாரிடமிருந்து’ என்ற கட்டம் காலியாக இருக்கும். கட்டம் காலி என்பதாலேயே அவர்கள் நோயாளிகள் ஆக மாட்டார்கள். நோயாளிகள் இல்லை என்பதால் அவர்களிடமிருந்து வாங்கியவர்களின் கட்டமும் காலியாகவே இருக்கும். பட்டியலில் புதிய பெயர் ஏறாது. 20 நாள் கழியும். பூஜ்யம் வரும்.

அந்தப் பூஜ்யத்தை எல்லாரும் ஆவலோடு எதிர்பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டொராண்டோவுக்குப் பயணம் வேண்டாம் என்று ஏப்ரல் 23 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஹோட்டல்கள் காலியாகின. கோபமடைந்த மேயர் மெல் லாஸ்ட்மன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, அந்த நிறுவனத்தைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்ற ரீதியில் பேசி உலகத்துக்குச் சிரிப்பு மூட்டினார். ஒரு வாரத்தில் அறிவிப்பு விலக்கப்பட்டது. யாரும் வேண்டுமென்று நோயாளிகளை மறைத்தார்கள் என்று பின்னால் விசாரித்த ஆணையம் முடிவுகட்டவில்லை. மறைக்கத் தேவையும் இல்லை. நல்ல செய்திக்காக ஏங்கும் ஊரில் வரையறையைக் கொஞ்சம் கறாராகப் பின்பற்றினாலே போதும்.

மே முற்பாதியில் மருத்துவமனைகளில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. முகக்கவசத்தை எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை என்றானது. நார்த் யார்க் ஜெனரலில் சில நர்ஸுகளுக்கு இது உறுத்தியது. விளக்கம் கிடைக்காத காய்ச்சல்கள் கண்ணில் படுகின்றன, இது சார்ஸாக இருக்குமோ என்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. நோயாளியின் முகத்தை எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரைவிட நல்ல கண்காணிப்புக் கருவியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கருவி ஒலித்தது, கேட்கத்தான் ஆளில்லை.

கடைசியில் சங்கதி வெளிவந்தது வேறொரு மருத்துவமனையிலிருந்து. மே 20 அன்று, செயின்ட் ஜான்ஸ் என்ற மறுவாழ்வு மருத்துவமனையில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நடைபழக வந்தவர்கள் அங்கே தங்குவார்கள். மே 22 அன்று ஒருவருக்கு சார்ஸ் கிருமி உறுதியானது. விசாரித்தபோது இரண்டு பேர் ஏப்ரல் 22 முதல் 28 வரை நார்த் யார்க் ஜெனரலின் அந்த எலும்பு முறிவு வார்டில் இருந்தது தெரிந்தது. உடனே நார்த் யார்க் ஜெனரலின் நிமோனியாக் கோப்புகளை எல்லாம் திரும்பப் புரட்டினார்கள். யார் கண்ணிலும் படாமல் போன சார்ஸ் நோயாளிகள் எட்டுப் பேர் வெளிப்பட்டார்கள். மே 26 அன்று டொராண்டோ மறுபடி பட்டியலில் ஏறியது.

இந்த இரண்டாவது சுற்றின் முகமே வேறு. முதல் சுற்றில் மருத்துவமனை வார்டில் நோய் வாங்கியவர்கள் 25 பேர், அதாவது 17 சதவீதம். இரண்டாம் சுற்றில் 68 பேர், 88 சதவீதம். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வெளியே தொற்றியவர்கள் முதல் சுற்றில் 20 பேர், இரண்டாம் சுற்றில் ஒருவர்கூட இல்லை. தெருவில் நகரம் ஜெயித்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஜெயித்துவிட்டது, ஏனென்றால் அங்கே எல்லாரும் பயந்து கவசம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வராத, இடுப்பும் முழங்காலும் உடைந்த கிழவர்களின் வார்டில் தோற்றது. அதை அடக்கியதும் புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை. மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கு, தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, காய்ச்சலும் மூச்சுக்கோளாறும் வருகிறதா என்று தினமும் தேடிப்போய்ப் பார்த்தார்கள்.

மொத்தத்தில் ஒண்டாரியோவில் 375 பேருக்கு நோய் கண்டது, 44 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 45 பேர் மருத்துவப் பணியாளர்கள். அந்த எலும்பு முறிவு வார்டில் வேலைபார்த்த 51 வயது நர்ஸ் ஒருவர் ஜூன் 29 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து, ஜூலை 2 அன்று, டொராண்டோவின் பெயர் பட்டியலிலிருந்து இரண்டாம் முறையாக நீங்கியது.

நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையிலான ஆணையம் 2007 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தது. விஞ்ஞானம் உறுதியாகச் சொல்லும்வரை காத்திராமல் முதலில் காப்பு நடவடிக்கை எடுங்கள் என்பது அதன் சாரம். மூன்றே மாதத்தில் காம்பெல் காலமானார், அடுத்த ஆண்டு புற்றுநோயில் ஷீலா பஸ்ரூர். அறிக்கை அலமாரிக்குப் போனது என்று சொன்னால் அநியாயம். கனடாவில் புதிய பொதுச் சுகாதார அமைப்புகள் அதன் பிறகு வந்தன. ஒண்டாரியோ 5 கோடியே 50 லட்சம் என்-95 கவசங்களை வாங்கி அடுக்கியது. பிறகு அவற்றைப் புதுப்பிக்க மறந்தது. அவசரக் கையிருப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காலாவதியாகிவிட்டது என்று 2017இல் மாகாணத் தணிக்கையாளர் எழுதினார்.

அந்தக் காலியான கட்டத்தின் பொறி டொராண்டோவோடு முடியவில்லை. 2015 மே மாதம் தென்கொரியாவில் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய 68 வயதுக்காரர் ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார். மெர்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்குமோ என்று சந்தேகித்த மருத்துவர் பரிசோதனை கேட்டபோது அதிகாரிகள் முதலில் தயக்கம் காட்டினார்கள். நோயாளி பஹ்ரைனுக்குப் போய்வந்ததாகச் சொல்லியிருந்தார், மெர்ஸ் பரவும் நாடுகளின் பட்டியலில் பஹ்ரைன் இல்லை. பரிசோதனை நடந்து உறுதியாவதற்குள் நோய் அடுத்தவர்களிடம் போய்விட்டது. சியோலின் பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் கிடந்த ஒரே நோயாளியிடமிருந்து 80 பேருக்கு மேல் தொற்றியது. மொத்தம் 186 பேர், 38 மரணம். 12 ஆண்டு முன்பு ஸ்கார்பரோவில் நடந்ததை வேறு மொழியில் படிப்பது போல இருந்தது.

இந்தியாவிலும் நடந்தது. 2020 மார்ச் மூன்றாம் வாரம்வரை கொரோனா பரிசோதனை வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்கும்தான். கடுமையான மூச்சுத் தொற்றோடு மருத்துவமனையில் சேரும் எல்லாரையும் சோதிக்கலாம் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது மார்ச் 20 அன்று. அதே கழகம் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 2 வரை அத்தகைய 5,911 நோயாளிகளின் மாதிரிகளைப் பார்த்தது. 104 பேருக்குக் கொரோனா இருந்தது. அவர்களில் 40 பேர் வெளிநாடு போனவர்களும் இல்லை, தெரிந்த நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்களும் இல்லை. பழைய வரையறை மட்டும் இருந்திருந்தால் இந்த 40 பேரும் சாதாரண நிமோனியா. இன்னும் சமூகப் பரவல் இல்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

டொராண்டோ மறுபடி என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். 2020 வசந்தத்திலும் ஆய்வுக்கூட முடிவுகள் ஃபேக்ஸில் வந்து விழுந்தன. நகரம் தனக்கென்று ஒரு மென்பொருளை அவசரமாக எழுதிக்கொண்டது. அக்டோபர் தொடக்கத்தில் நோயாளிகள் பெருகிக் கை மீறியதும், முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களைத் தவிர மற்றவர்களுக்குத் தொடர்பு தேடுவதை நிறுத்திவைத்தார்கள். அந்த மற்றவர்களுக்கு ‘யாரிடமிருந்து’ என்ற கட்டத்தை நிரப்பும் வேலை பெரும்பாலும் நின்றது. 2021 டிசம்பர் 31 முதல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் பிசிஆர் பரிசோதனை என்று ஒண்டாரியோ சுருக்கிக்கொண்டது. இரண்டுமே அந்த நேரத்து நெருக்கடியில் புரிந்துகொள்ளக்கூடியவை. ஆனால் அதற்குப் பிறகு வெளியான தினசரி எண்ணிக்கையைப் பார்த்து நோய் ஏறுகிறது, இறங்குகிறது என்று பேசியதற்குப் பொருளில்லை. அந்த எண் பரிசோதனை விதியைத்தான் அளந்தது.

பரிசோதனை சுருங்கிய பிறகு யாருடைய பதிலையும் நம்பாமல் நகரத்தைப் பார்க்க ஒரு வழி இருந்தது, சாக்கடை. நோயாளி மருத்துவரிடம் போனாலும் போகாவிட்டாலும் கழிவறைக்குப் போவார். கழிவுநீரில் வைரஸின் அளவைப் பார்த்தால் ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்கலாம். யாருக்கு வந்தது என்று சொல்லாது, வந்துவிட்டது என்று சொல்லும். ஒண்டாரியோவில் பல்கலைக்கழகங்கள் கைகோத்து இதைச் செய்துவந்தன. 2024 ஜூலை 31 அன்று மாகாண அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. மத்திய அரசும் அதையே செய்கிறது, இரட்டைச் செலவு எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். மத்திய அரசு பார்த்தது அதைவிடக் குறைவான இடங்களை.

அதே ஆண்டு நவம்பரில், மறுபடியும் பிரிட்டிஷ் கொலம்பியாவில், 13 வயதுச் சிறுமி ஒருத்தி கண் சிவந்து காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வந்தாள். வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாளில் மூச்சுவிட முடியாமல் திரும்பி வந்தாள். குழந்தைகள் மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கும் சளிப் பரிசோதனை, இன்ஃப்ளுயன்ஸா ஏ என்று காட்டியது. ஆனால் மனிதர்களிடம் சுற்றும் எச்1, எச்3 இரண்டுமே பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மையை ஆய்வுக்கூடம் ஒதுக்கிவிடாமல் மேலே சோதித்தது. எச்5 வகை பறவைக்காய்ச்சல். அவள் கோழிப்பண்ணைக்குப் போனவள் இல்லை, வெளிநாட்டுப் பயணமும் இல்லை. 2003இன் வரையறையை வைத்துக் கேட்டிருந்தால் எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே பதில் வந்திருக்கும், அவளும் ஒரு நிமோனியாக் கோப்பாகப் போயிருப்பாள். செயற்கை நுரையீரல் இயந்திரத்தில் வைக்கும் நிலைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டாள். அவளோடு தொடர்பில் இருந்த எல்லாரையும் தேடிச் சோதித்தார்கள், எவருக்கும் பரவவில்லை. எந்தப் பறவையிடமிருந்து, எந்த விலங்கிடமிருந்து வந்தது என்று வாரக்கணக்கில் தேடினார்கள். அதே மாத இறுதியில் புலனாய்வை முடித்துக்கொண்டார்கள். அவள் வரிசையில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.